ஓட்டுநர் இல்லாத இரயில்: கணிப்பொறியில் காணாமல் போகும் டிரைவர்கள்



சென்ற ஆண்டு ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கொண்டாப்பூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல் மாடியில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்து அம்மையார், மகளின் லாப்டாப்பைக் கைக்குழந்தையை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணா, ‘ஹார்டு டிஸ்க் போயிந்தி அம்மா’ என்கிறார் கடைக்காரர். புது டிஸ்க் போட்டால் ஓடுமாம். ஆனால் உள்ளே இருந்தது எதுவும் திரும்ப வராதாம். எனக்குப் புது டிஸ்க்கா அண்ணா வேண்டும்? எங்கள் அத்தை பாடியதெல்லாம் அதில்தான் இருக்கிறது” என்றார்.

அவருடைய மாமியார் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானவர். கடைசி முறை இங்கு வந்து தங்கியிருந்தபோது, தாலாட்டும் நடவுப் பாட்டும் குடும்பக் கதைகளுமாக அவர் பாடியதையும் பேசியதையும் பேத்தி கைபேசியில் பதிவு செய்து, பிறகு லாப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தாள். அந்தக் கைபேசி இப்போது இல்லை. பதிவுகள் இருந்த ஒரே இடம் அந்த டிஸ்க்.

அந்த டிஸ்க் உண்மையில் போய்விட்டதா என்பதைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன். அதற்கு முன், ‘டிரைவர்’ என்ற ஒன்றைப் பற்றி நாம் அனைவரும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. நான் கணிப்பொறி படித்தவன் அல்லன். டிப்ளமா முடித்து, இரயில்வேயில் சிக்னல் பிரிவில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். ஆகவே எனக்குத் தெரிந்த இரயில்வே பாஷையிலேயே விளக்குகிறேன்.

டிரைவர் என்பது யார்?

இஞ்சின் இருக்கிறது. தண்டவாளம் இருக்கிறது. சிக்னலும் பச்சை காட்டுகிறது. ஆனால் ஓட்டுநர் வரவில்லை. வண்டி நகருமா? நகராது. அதற்காக இஞ்சின் பழுது என்று பணிமனைக்கு அனுப்புவோமா?

கணிப்பொறியிலும் இதே கதைதான். ஒலி தரும் சில்லு, வை-ஃபை அட்டை, பிரிண்டர், கேமரா ஆகியவை எல்லாம் இஞ்சின்கள். விண்டோஸ் என்பது கட்டுப்பாட்டு அலுவலகம். அங்கிருந்து ‘பாட்டைப் போடு’, ‘இந்தப் பக்கத்தை அச்சிடு’ என்று ஆணை வரும். அந்த ஆணையைக் குறிப்பிட்ட சாதனத்துக்குப் புரியும் விதத்தில் மாற்றிக் கொடுக்கும் சிறிய மென்பொருளுக்குத்தான் டிரைவர் என்று பெயர். டிரைவர் இல்லையென்றால், நல்ல நிலையில் இருக்கும் சாதனமும் செத்தது போலக் கிடக்கும்.

இன்னொன்றும் உண்டு. இரயில் ஓட்டுநர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், புதிய தடத்தில் உடனே வண்டி ஓட்ட விடமாட்டார்கள். அந்தத் தடத்தில் பயணம் செய்து, எங்கே வளைவு, எங்கே ஏற்றம், எங்கே சிக்னல் என்று பழகிக் கையெழுத்திட வேண்டும். இதை நாங்கள் ‘எல்.ஆர்.’, அதாவது லேர்னிங் ரோடு, என்போம். விண்டோஸின் ஒவ்வொரு பெரிய பதிப்பும் ஒரு புதிய தடம். பழைய தடத்துக்கு எழுதப்பட்ட டிரைவர் புதிய தடத்தில் ஓடும் என்று உறுதி இல்லை. குறிப்பாக, 32 பிட் விண்டோஸுக்கு எழுதிய டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. பழைய ஸ்கேனரும் பிரிண்டரும் புதுக் கணிப்பொறியில் அசையாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

1995 ஆகஸ்டு 24 அன்று விண்டோஸ் 95 வெளிவருவதற்கு முன், ஒரு சவுண்டு கார்டைப் பொருத்துவதென்றால் அட்டையில் உள்ள சிறு ஜம்பர்களை இடுக்கியால் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். ‘செருகினால் இயங்கும்’ என்று பொருள்படும் ‘பிளக் அண்டு பிளே’ முறையை விண்டோஸ் 95 பரவலாக்கியது. அன்று முதல் வேலை எளிதானது உண்மைதான். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பது நம் கண்ணுக்கு மறைந்தும் போனது. சிக்கல் வரும்போதுதான் அந்த மறைவு நம்மைத் திணறடிக்கிறது.

முதல் படி: வருகைப் பதிவேட்டைப் பாருங்கள்

ஒலி வரவில்லை, வை-ஃபை இல்லை என்றதும் கடைக்கு ஓட வேண்டாம். திரையில் உள்ள ஸ்டார்ட் பொத்தானின் மேல் மவுஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்துங்கள். வரும் பட்டியலில் ‘டிவைஸ் மேனேஜர்’ என்று இருக்கும். அதைத் திறந்தால் கணிப்பொறியில் உள்ள எல்லாச் சாதனங்களும் வகைவாரியாக வரிசையில் நிற்கும். இதுதான் வருகைப் பதிவேடு.

ஒரு சாதனத்தின் மேல் மஞ்சள் முக்கோணத்தில் ஆச்சரியக்குறி இருந்தால் அங்கே கோளாறு. கீழ்நோக்கிய சிறு அம்புக்குறி இருந்தால், அந்தச் சாதனம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. ‘அதர் டிவைசஸ்’ என்ற தலைப்பின் கீழ் ‘அன்னோன் டிவைஸ்’ என்று இருந்தால், ஆள் வந்திருக்கிறார், ஆனால் யாரென்று அலுவலகத்துக்குத் தெரியவில்லை என்று பொருள்.

அந்தச் சாதனத்தின் மேல் இரு முறை சொடுக்கினால் ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் ஒரு கோடு எண் இருக்கும். இந்த எண்ணைத்தான் முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அடிக்கடி வருபவை இவை:

கோடு 28: இந்தச் சாதனத்துக்கு டிரைவர் நிறுவப்படவில்லை. மிகச் சுலபமாகத் தீர்வது.

கோடு 22: சாதனம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. வலப்பக்கப் பொத்தானை அழுத்தி ‘எனேபிள்’ என்று கொடுத்தால் போதும்.

கோடு 10: சாதனம் தொடங்க மறுக்கிறது. பெரும்பாலும் டிரைவர் பொருந்தவில்லை. சில சமயம் சாதனமே பழுது.

கோடு 39: டிரைவர் கோப்பு சிதைந்திருக்கிறது அல்லது காணவில்லை.

கோடு 43: சாதனமே தனக்குக் கோளாறு என்று அறிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. யு.எஸ்.பி. கம்பியையும் செருகுமிடத்தையும் மாற்றிப் பாருங்கள்.

கோடு 52: டிரைவரின் மின்கையொப்பம் செல்லவில்லை. தகுதிச் சான்றிதழ் இல்லாத ஓட்டுநர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் வண்டியைக் கொடுக்காதிருப்பதே நலம்.

மறைந்திருப்பவர்கள்

சில சாதனங்கள் பட்டியலிலேயே தெரியாது. டிவைஸ் மேனேஜரின் மேல் வரிசையில் ‘வியூ’ என்பதைத் திறந்து, ‘ஷோ ஹிட்டன் டிவைசஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். உடனே மங்கலான நிறத்தில் பல பெயர்கள் புதிதாகத் தோன்றும். அவற்றுள் ஒன்றைத் திறந்தால் பெரும்பாலும் கோடு 45 என்று இருக்கும். அதாவது, இந்தச் சாதனம் இப்போது கணிப்பொறியுடன் இணைக்கப்படவில்லை.

இவை என்றோ செருகி எடுத்த பென்டிரைவ்கள், தூக்கிப் போட்ட பிரிண்டர், பழைய மவுஸ் ஆகியவற்றின் பெயர்கள். மாற்றலாகிப் போனவர் பெயர் மஸ்டர் ரோலில் அப்படியே நிற்பது போல. பொதுவாக இவற்றால் தொல்லை இல்லை. ஆனால் புதுப் பிரிண்டரை இணைத்தும் ஆணை பழைய பிரிண்டருக்கே போய் நிற்கிறது, அல்லது ஒரே கருவி ‘2’, ‘3’ என்று எண்ணோடு தோன்றுகிறது என்றால், மங்கலாகத் தெரியும் பழைய பெயரை ‘அன்இன்ஸ்டால்’ செய்துவிட்டுக் கணிப்பொறியை மறுபடி தொடங்குங்கள். ‘சிஸ்டம் டிவைசஸ்’ என்ற பிரிவில் உள்ளவற்றை மட்டும் தொட வேண்டாம்.

இங்கே ஒரு முக்கியமான சோதனை உண்டு. உங்கள் வை-ஃபை அட்டை மஞ்சள் குறியோடு தெரிந்தால், பெரும்பாலும் அட்டை நன்றாக இருக்கிறது, டிரைவர்தான் இல்லை. மறைந்தவற்றைக் காட்டச் சொல்லியும் அது கோடு 45-உடன் மங்கலாகவே நின்றால், கணிப்பொறிக்கு அந்த அட்டை தட்டுப்படவே இல்லை. அப்போது அட்டை கழன்றிருக்கலாம், பழுதாகியிருக்கலாம், அல்லது பயாஸில் நிறுத்தப்பட்டிருக்கலாம். முதல் வகைக்குக் காசு செலவில்லை. இரண்டாவது வகைக்குத்தான் கடைக்காரர் தேவை.

பெயர் தெரியாதவரின் பெயரைக் கண்டுபிடிப்பது

‘அன்னோன் டிவைஸ்’ என்று இருந்தால் எந்த டிரைவரைத் தேடுவது? அதற்கும் வழி இருக்கிறது. அந்தப் பெயரின் மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி ‘ப்ராப்பர்டீஸ்’, அதில் ‘டீடெய்ல்ஸ்’, அதில் ‘ஹார்டுவேர் ஐடீஸ்’ என்று போங்கள். நீளமான ஓர் எழுத்துத் தொடர் தெரியும். அதில் இரண்டு பகுதிகளே நமக்கு வேண்டும். ‘வென்’ என்பதை அடுத்து வரும் நான்கு குறிகள் தயாரிப்பாளரைக் குறிப்பவை. ‘டெவ்’ என்பதை அடுத்து வரும் நான்கு குறிகள் சாதனத்தைக் குறிப்பவை. யு.எஸ்.பி. சாதனங்களில் இவை ‘விட்’, ‘பிட்’ என்று இருக்கும்.

தயாரிப்பாளர் எண் 8086 என்றால் இன்டெல். 1978-இல் அவர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற சில்லின் பெயரையே எண்ணாக வைத்துக்கொண்டார்கள். 1002 என்றால் ஏ.எம்.டி.யின் திரைச் சில்லு. ‘10 டி.இ.’ என்றால் என்விடியா. ‘10 இ.சி.’ என்றால் ரியல்டெக். நம் வீட்டுக் கணிப்பொறிகளில் ஒலிக்கும் கம்பிவழி இணையத்துக்கும் பெரும்பாலும் இவர்கள்தான். இந்த இரண்டு எண்களையும் அப்படியே இணையத்தில் தேடினால் பெயர் கிடைத்துவிடும். இஞ்சின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து அது எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்று சொல்வது போலத்தான் இதுவும்.

டிரைவரை எங்கே பெறுவது?

வரிசை முக்கியம். முதலில் விண்டோஸ் அப்டேட். விண்டோஸ் 11-இல் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பதன் உள்ளே ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. பலர் அதைத் திறந்ததே இல்லை. விண்டோஸ் கண்டுபிடித்து வைத்திருக்கும் டிரைவர்கள் அங்கே காத்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்தது, கணிப்பொறி தயாரித்த நிறுவனத்தின் தளம். லாப்டாப்பின் அடிப்பக்கத்தில் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும். அவற்றைக் கொடுத்தால் உங்கள் கணிப்பொறிக்கே உரிய டிரைவர்கள் கிடைக்கும். மூன்றாவதாக, சில்லு தயாரித்த நிறுவனத்தின் தளம்.

‘உங்கள் கணிப்பொறியில் 37 டிரைவர்கள் பழையவை, இங்கே அழுத்துங்கள்’ என்று மிரட்டும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். பணம் போவதும் உண்டு, வைரஸ் வருவதும் உண்டு. அது போலவே, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரைக் காரணமில்லாமல் மாற்றவும் வேண்டாம். மாற்றிய பின் கோளாறு வந்தால், ப்ராப்பர்டீஸில் ‘ரோல் பேக் டிரைவர்’ என்ற பொத்தான் பழையதைத் திரும்பக் கொண்டுவரும்.

வை-ஃபை டிரைவரே இல்லையென்றால் இணையத்துக்கு எப்படிப் போவது? ஆண்ட்ராய்டு கைபேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து, கைபேசியில் ‘யு.எஸ்.பி. டெதரிங்’ என்பதை இயக்குங்கள். பெரும்பாலான கணிப்பொறிகளில் தனி டிரைவர் எதுவும் இல்லாமலே இணையம் வந்துவிடும்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆகவே பலர் 11-க்கு மாறுகிறார்கள். மாறுவதற்கு முன்பே உங்கள் மாடலுக்குரிய வை-ஃபை டிரைவரையும் டிஸ்க் டிரைவரையும் ஒரு பென்டிரைவில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தவிக்க வேண்டியிராது.

ஒரு டிரைவர் தவறினால்

டிரைவர் சின்ன விஷயம்தானே என்று நினைப்பவர்களுக்கு, நம் ஐதராபாத்தே கண்ட ஓர் உதாரணம். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் கணிப்பொறித் திரைகள் நீலமாகி நின்றுவிட்டன. இங்கிருந்து கொல்கத்தா செல்லும் பயணி ஒருவருக்குக் கையால் எழுதிக் கொடுத்த போர்டிங் பாஸின் படம் நாடெங்கும் பரவியது பலருக்கு நினைவிருக்கும்.

நடந்தது என்ன? கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள், விண்டோஸின் உட்கருவிலேயே ஒரு டிரைவராக அமர்ந்து வேலை செய்வது. அந்த டிரைவர் படிக்கும் தகவல் கோப்பு ஒன்று அன்று காலை நம் நேரப்படி 9.39 மணிக்கு உலகெங்கும் அனுப்பப்பட்டது. அதில் 21 விவரங்களை எதிர்பார்த்த இடத்தில் 20 மட்டுமே கொடுக்கப்பட்டன. இல்லாத 21-ஆவது விவரத்தைப் படிக்கப் போன டிரைவர் தடுமாறியது; தன்னோடு சேர்த்து விண்டோஸையும் வீழ்த்தியது. 78 நிமிடங்களில் தவறான கோப்பு திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 85 லட்சம் கணிப்பொறிகள் படுத்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது.

சாதாரண மென்பொருள் விழுந்தால் அது மட்டும் விழும். உட்கருவில் ஓடும் டிரைவர் விழுந்தால் முழுக் கணிப்பொறியும் விழும். இரயிலில் பயணி மயங்குவதற்கும் ஓட்டுநர் மயங்குவதற்கும் உள்ள வேறுபாடு இது. அன்று எத்தனையோ இயந்திரங்களைப் பணியாளர்கள் ஒவ்வொன்றாகச் சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு கோப்பைக் கையால் நீக்க வேண்டியிருந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த 85 லட்சம் பெட்டிகளில் எதற்கும் புது டிஸ்க் தேவைப்படவில்லை.

பாட்டியின் பாட்டு

இனி மேல் மாடி லாப்டாப்புக்கு வருவோம். அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய், பாட்டரியும் தீர்ந்து, விண்டோஸ் சிதைந்துவிட்டது. கடைக்காரர் விண்டோஸை மறுபடி நிறுவ முயன்றிருக்கிறார். ‘எந்த டிஸ்கில் நிறுவ வேண்டும்?’ என்று கேட்கும் திரையில் பட்டியல் காலியாக இருந்தது. டிஸ்க் தெரியவில்லை, ஆகவே டிஸ்க் போய்விட்டது. இதுதான் அவருடைய முடிவு.

உண்மையைச் சொல்ல வேண்டும். நானும் அன்று அதே பென்டிரைவைப் போட்டு, அதே காலிப் பட்டியலைப் பார்த்து, “கடைக்காரர் சொன்னது சரிதான் போலிருக்கிறது அம்மா” என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சிக்னல் பிரிவில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! பாயிண்ட் திரும்பியதாகப் பேனலில் காட்டவில்லை என்றால், மோட்டார் எரிந்துவிட்டது என்று எழுதாதே. மோட்டார் திரும்பியிருக்கும், திரும்பியதைத் தெரிவிக்கும் கான்டாக்டில் தூசி இருக்கும். நேரில் போய்ப் பார்த்த பிறகு எழுது. ஊருக்குச் சொன்ன நான், அன்று நேரில் போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை லாப்டாப்பை வாங்கி வந்து, எஃப்2 பொத்தானை அழுத்தி பயாஸுக்குள் போனேன். அங்கே 512 ஜி.பி. டிஸ்க் தன் பெயரோடும் மாடல் எண்ணோடும் நின்றுகொண்டிருந்தது! டிஸ்க் உயிரோடு இருந்தது. விண்டோஸ் நிறுவும் பென்டிரைவுக்குத்தான் அதைப் பார்க்கக் கண் இல்லை.

காரணம் இதுதான். இன்டெலின் 11-ஆம் தலைமுறை முதல் பல லாப்டாப்களில் டிஸ்க், ‘வி.எம்.டி.’ என்ற ஓர் இடைக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறது. அதற்கு இன்டெலின் ‘ரேபிட் ஸ்டோரேஜ்’ டிரைவர் வேண்டும். விண்டோஸ் நிறுவும் பென்டிரைவில் அது பெரும்பாலும் இருப்பதில்லை.

என் கணிப்பொறியில், அந்த மாடலுக்குரிய டிரைவரைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கி, பிரித்து, பென்டிரைவில் தனி ஃபோல்டராக வைத்தேன். காலிப் பட்டியல் தெரிந்த அதே திரையில் ‘லோடு டிரைவர்’ என்று ஒன்று இருக்கிறது. அதை அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினேன். பொருந்தாத டிரைவர்களை மறைத்துவிடும் ஒரு கட்டமும் அங்கே டிக் செய்யப்பட்டிருக்கும். அதை அப்படியே விட்டால், பொருந்துவது மட்டும் பட்டியலில் நிற்கும். தேர்ந்தெடுத்த சில விநாடிகளில் டிஸ்க், அதன் எல்லாப் பகுதிகளோடும் திரையில் வந்து நின்றது.

இந்த இடத்தில்தான் பலர் ‘நெக்ஸ்ட்’ என்று அழுத்திவிடுவார்கள். அழுத்தினால் பழையதன் மேல் புதியது எழுதப்படலாம். நான் அங்கேயே நிறுத்தினேன். ஷிஃப்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் ஒரு கறுப்புப் பெட்டி திறக்கும். அதில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து, நோட்பேடின் ‘ஃபைல்’, ‘ஓப்பன்’ வழியே எல்லாக் கோப்புகளையும் காட்டச் சொல்லி, மாணவியின் ஃபோல்டரைக் கண்டுபிடித்து, வேறொரு பென்டிரைவுக்கு நகல் எடுத்தேன். நல்லவேளையாக அந்த டிஸ்கில் பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருக்கவில்லை. போட்டிருந்தால் 48 இலக்கச் சாவி இல்லாமல் ஒன்றும் நடந்திராது. உங்கள் கணிப்பொறியில் அந்தப் பூட்டு இருந்தால், சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றே காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

நகல் எடுத்த பிறகுதான் விண்டோஸை மறுபடி நிறுவினேன். மாலையில் அந்தப் பெண் ஒரு பதிவைத் திறந்தாள். ஒலி வரவில்லை! டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி, கோடு 28. இந்த முறை நான் கை வைக்கவில்லை. “நீயே பார், அம்மா” என்றேன். அவளே எண்ணைப் பார்த்து, டிரைவரைத் தேடி, நிறுவினாள். புதுக்கோட்டைப் பாட்டியின் குரல் எங்கள் கூடத்தில் கேட்டது. பாட்டை நடுவில் நிறுத்தி, “இந்த மிசினு ஓடுதா புள்ள?” என்று அவர் கேட்பதும் பதிவாகியிருந்தது. மருமகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. ‘தெரியவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும் ஒன்றல்ல. டிஸ்க் காணவில்லை என்றால் முதலில் பயாஸில் பாருங்கள்.

2. கோடு எண்ணை எழுதிக்கொள்ளாமல் கடைக்குப் போகாதீர்கள்.

3. பாகத்தை மாற்றும் முன், டிரைவர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

4. டிஸ்க் தெரிந்ததும் முதல் வேலை நகல் எடுப்பது, மற்றதெல்லாம் பிறகு.

5. மாடல் எண், வை-ஃபை டிரைவர், டிஸ்க் டிரைவர் மூன்றும் ஒரு பென்டிரைவில் எப்போதும் இருக்கட்டும்.

ஊரை விட்டு வந்த நமக்கு, ஊரின் குரல்கள் இன்று இந்தப் பெட்டிகளுக்குள்தான் இருக்கின்றன. ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். இரண்டு இடங்களில் வையுங்கள். அடுத்த முறை யாராவது ‘போயிந்தி’ என்று சொன்னால், ஓட்டுநர் வந்தாரா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.